அயல்நாட்டில் வேறு வேலை தேடுவோர்

பொருளீட்டுதற்பொருட்டுப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. நம் அகப்பொருள் நூல்கள் பிரிவின் வகைகளுள் பொருள்வயிற் பிரிவையும் ஒன்றாக வைத்து எண்ணின. தலைவன் சுரம் கடந்து செல்வதும், தலைவி சுவரிற் கோடிட்டு நாளெண்ணி இருத்தலும், அவன் ஈட்டிய பொருளொடு மீள்வதும் பாலைப் பாட்டுக்களில் நாம் பலகாலும் கற்றவை. ஆயின் அவற்றைக் கற்குந்தோறும் எம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. சென்ற தலைவன் சென்றவிடத்து எவரிடம் வேலை செய்தான்? அவ்வேலை ஒவ்வாதாயின், அதனை விடுத்து வேறொன்று தேடிக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருந்ததா? புலவர்கள் இதனைப் பாடிற்றிலர். அவர்கள் பாடாது விட்டதொன்றைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலைநிலம் நமக்குத் தொலைவில் இல்லை. நம் கல்லூரி ஜார்ஜ் டவுனை விடுத்துத் தாம்பரத்தில் குடிபுகுந்தது 1937 ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, 1931 இல், கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்கும் முன்னர், 1914 இல் பாம்பன் பாலம் திறந்ததுமுதல், எழும்பூரினின்று புறப்பட்டு இவ்வழியே தனுஷ்கோடி சென்று, ஆண்டுக் கப்பலேறுவாரை இலங்கைக்கு அனுப்பிய 'போட் மெயில்' வண்டி நம் ஊரைக் கடந்து சென்றது. 1964 டிசம்பர்த் திங்களில் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அப்பயணம் முடிந்தது. பயணம் முடிந்ததேயன்றிப் பயணிகள் முடிந்தாரில்லை. இன்று அவர்கள் திரிசூலம் நிலையத்தில் இறங்கி, பெருஞ்சாலையைக் கடந்து, மீனம்பாக்கம் விமான நிலையத்துள் நுழைகின்றனர். கயிற்றால் இறுகக் கட்டி, நான்கு பக்கமும் பெயரெழுதிய அட்டைப்பெட்டியைத் தோளிற் சுமந்து செல்லும் இளைஞரைக் காணாமல் அந்நிலையத்தை நாம் கடத்தல் அரிது. அவருள் ஒருவராய்ச் சென்றவர் எம் தாய்மாமன்.

அவர் குரோம்பேட்டையில் ஏ.சி. மெக்கானிக்காகப் பிழைத்தவர். தொழிலில் வல்லவர். 2013 ஆம் ஆண்டில் வளைகுடா நாடொன்றிற்குச் சென்றார். ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்திற்காக எம் அத்தையின் வளையல்கள் அடகுக் கடை சென்றன. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது ஏ.சி. வேலை, ஆண்டுச் சென்றபின் தந்தது கட்டடத்தில் சுமை தூக்கும் வேலை. ஐந்தாம் மாதம் முதல் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. அவ்வூரிலேயே மற்றொரு நிறுவனத்தார் அவர் தொழில் திறமையைக் கண்டு, தம்மிடம் வந்தால் கூடுதலான சம்பளம் தருவதாகக் கூறினர். வேலை இருந்தது, வேலைக்கு ஆள் இருந்தார், ஆளை வேண்டுவோரும் இருந்தனர். இம்மூன்றிற்கும் நடுவே ஒரு தாள் நின்றது. முதல் முதலாளி 'இவரை விடுவதில் எமக்குத் தடையில்லை' என்று எழுதிக் கையொப்பமிடவேண்டிய தாள் அது. அங்குள்ள நம்மவர் அதனை 'ரிலீஸ்' என்று வழங்குவர். அத்தாளை அவர் பெறவில்லை. பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அவ்விடம் விட்டு நீங்கினார். உடனே 'ஓடிப்போனவர்' என்று அவர் மீது பதிவாயிற்று. அதன்பின் அந்நாட்டில் அவர் செய்த வேலை ஒவ்வொன்றும் குற்றமாயிற்று. இறுதியில் இந்தியத் தூதரகத்தின் துணையால் 2016 இல் வெறுங்கையோடு வீடு திரும்பினார். அந்நாட்களில் எம் அத்தை நாட்காட்டித் தாளைக் கிழித்தெண்ணியதை யாம் சிறுவராயிருந்து கண்டோம்.

அவர் யாரையும் நொந்து பேசும் இயல்பினரல்லர். ஆயினும் ஒருமுறை எம்மை நோக்கி, "மாப்பிள்ளை, நான் திருடவில்லை, யாரையும் அடிக்கவுமில்லை. வேறு வேலை தேடினேன். அதுதான் குற்றமாகிவிட்டது" என்றார். இச்சொற்களே யாம் இதனை எழுதக் காரணம்.

வேறு வேலை தேடுவது எவ்வாறு குற்றமாகும்? இதற்கு விடை காணப் புகுவார் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிக் காணல் வேண்டும். நம் மாவட்டங்களினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாட்களைக் கங்காணிகள் திரட்டினர். வழிச்செலவிற்கும் பிறவற்றிற்கும் தோட்டத்தார் கொடுத்த முன்பணம் கடனாக அவர்தம் தலைமேல் ஏறிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் செல்ல விரும்பும் கங்காணி தன் ஆட்களுக்காகப் பழைய துரையினிடம் ஒரு சீட்டுப் பெறுதல் வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவரையும் இவர் ஆட்களையும் விடுவிப்போம் என்பது அச்சீட்டின் பொருள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். தமிழ்ச்சொல்லே ஆங்கிலேயர் ஏடுகளிலும் அப்படியே ஏறிவிட்டது. துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தார் ஏற்பதில்லை. துண்டோடு வருபவனை ஏற்கும் தோட்டத்தார் பழைய கடனைத் தாம் தீர்த்து, அதனைப் புதிய கடனாக அவன் கணக்கில் எழுதுவர். ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலத்தில் இத்தொகை ஏறியதேயன்றி இறங்கவில்லை. தோட்டம் மாறிற்று, துரை மாறினார், கடன் மட்டும் மாறாது உடன் நடந்தது. 1921 ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பெற்ற சட்டம் துண்டு கொடுப்பதையே தடை செய்தது. ஒப்பந்தத்தை மீறிய கூலியாளைச் சிறையிடும் வழக்கத்திற்கும் அக்காலத்திலேயே முடிவு வந்தது.

இலங்கையில் மட்டுமோ எனின், அன்று. நம் நாட்டிலும் 1859 ஆம் ஆண்டின் சட்டமொன்று, முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியை நீதிபதியின்முன் நிறுத்தித் தண்டிக்க இடந்தந்தது. 1925 இல் இயற்றிய மற்றொரு சட்டத்தாலேயே அது நீங்கிற்று. 1860 இல் சென்னைத் துறைமுகத்தினின்று 'துரூரோ' என்னும் கப்பலில் நேட்டால் சென்றாரும், மலேயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றாரும் இத்தகைய கட்டுக்களுக்குள் நின்று உழைத்தவர்களே. மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1910 இலும், நேட்டாலுக்கு அனுப்புவது 1911 இலும் நின்றன. இவற்றையெல்லாம் நம் வரலாற்றாசிரியர்கள் பழங்கொடுமைகள் என்று கூறி முடிப்பர். துண்டு ஒழிந்த தொண்ணூற்றிரண்டு ஆண்டுகட்குப்பின் குரோம்பேட்டையினின்று சென்ற ஒருவரிடம் அதே துண்டை வேறு பெயரால் கேட்டனர் என்பதை எண்ணும்போது, அவை முடிந்தன என்று கூற எமக்கு நா எழவில்லை.

வளைகுடா நாடுகளில் வழங்கிய முறைக்குக் 'கஃபாலா' என்று பெயர். அயல்நாட்டார் ஒருவர் அங்குத் தங்குவதற்கு உள்நாட்டார் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும், அவரே 'கஃபீல்'. பொறுப்பு என்னும் சொல் கேட்பதற்கு இனிது. விருந்தினரைக் காக்கும் நல்லெண்ணத்தில் பிறந்ததெனவும் கூறுவர். ஆயின் தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் ஒரே கையில் இருக்கும்போது காத்தல் கட்டுதலாய் மாறிவிடுகிறது. முதலாளியோடு பிணங்கியவன் வேலையை மட்டுமன்று, நாட்டில் நிற்கும் உரிமையையும் இழக்கிறான். வழக்காட வேண்டுமெனினும் வழக்கு முடியும்வரை உண்ண வழியில்லை. ஆதலின் சம்பளம் வாராதபோதும் வாய் திறவாது நிற்கிறான். குறைந்த கூலியும், இரட்டை வேலையும், நெருக்கமான தங்குமிடமும் தனித்தனிக் கொடுமைகள் போலத் தோன்றினும், அவற்றின் வேர் ஒன்றே. விட்டுச் செல்ல இயலாதவனை நன்கு நடத்தவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இக்கட்டு மெல்ல அவிழ்ந்து வருவதையும் மறைத்தல் கூடாது. பஹ்ரைன் 2009 இல், முதலாளியின் இசைவின்றியே தொழிலாளர் வேறிடம் செல்ல வழி செய்தது. அந்நாட்டுத் தொழிலமைச்சரே பழைய முறையை அடிமை முறையோடு ஒப்பிட்டுப் பேசினார். ஆயினும் 2011 இல் ஓராண்டு வேலை செய்த பின்னரே அவ்வாறு மாறலாம் என்று அவ்வழி குறுகிற்று. கத்தார் 2020 ஆம் ஆண்டில் தடையின்மைச் சான்று வேண்டும் என்னும் விதியை நீக்கியது. முன்னறிவிப்புக் கொடுத்தபின் தொழிலாளி வேறிடம் செல்லலாம் என்றாயிற்று. சவூதி அரேபியா 2021 மார்ச்சு முதல், ஓராண்டு முடித்த தொழிலாளர் மாறுவதற்கு இடந்தந்தது. எனினும் வீட்டு வேலை செய்வோரையும் வேறு சிலரையும் அச்சீர்திருத்தம் தன்னுள் அடக்கவில்லை. நான்கு சுவர்க்குள், பிறர் கண்படாது, மிகுதியும் பெண்களே செய்யும் வேலைக்கே விடுதலை கடைசியில் வருகின்றது என்பது கருதத்தக்கது. சிங்கப்பூரிலோ, வேலை அனுமதி முடியுமுன் நாற்பதாம் நாளுக்கும் இருபத்தொன்றாம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் முதலாளியின் இசைவின்றி மாறுவதற்குக் கட்டடத் தொழிலாளர்க்கு வழி பிறந்தது. ஏறக்குறைய மூன்று கிழமைகள்! சன்னல் சிறிதெனினும் சன்னலே என மகிழ்வோமாக. சட்டம் தாளில் மாறியும், தொழிற்கூடத்தில் பழைய வழக்கே நிற்பதுண்டு என மீண்டு வந்தோர் கூறுவதையும் செவிமடுப்போமாக.

இதுகாறும் கூறியது கைத்தொழில் செய்வார்க்கே உரியது, பட்டம் பெறும் நமக்கு இதனால் வருவதென் என்று மாணவ நண்பர் சிலர் எண்ணலாம். அங்ஙனம் எண்ணற்க. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் உள்ள கணினி நிறுவனங்களினின்று அமெரிக்கா செல்லும் பொறியியலாளர் 'எச்-1பி' விசாவில் செல்கின்றனர். அவ்விசா ஒரு முதலாளியின் விண்ணப்பத்தின் மேல் கிடைப்பது. வேலை போயின், 2017 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, மிகுதியாக அறுபது நாட்களே தவணை. அதற்குள் வேறு முதலாளியைத் தேடி, அவர் வாயிலாகப் புதிய விண்ணப்பம் இடுதல் வேண்டும். அன்றேல் வேறு நிலைக்கு மாறவோ நாடு திரும்பவோ வேண்டும். 2022 இறுதியிலும் 2023 இலும் அந்நாட்டின் பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை நீக்கியபோது, நம்மவர் பலர் அவ்வறுபது நாட்களை விரல்விட்டு எண்ணினர். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுப் பெறுவோமெனின், வேலை வழியாக வரும் அச்சீட்டுக்களில் எந்த ஒரு நாட்டினர்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேற்படாது என்னும் வரம்பு நிற்றலால், இந்தியர் பல்லாண்டுகள் காத்து நிற்கின்றனர். அவர் ஊதியம் பெரிது, வீடு பெரிது, கட்டு மட்டும் எம் மாமனின் கட்டோடு உறவுடையது. பொன்விலங்கும் விலங்கேயாம்.

எதிர்க்கட்சியார் கூறுவனவற்றையும் நடுநிலையோடு ஆராய்வாம். முதலாவது, முதலாளி செலவு செய்து ஆளை வரவழைக்கிறார். வந்தவன் மறுநாளே அண்டை நிறுவனத்திற்குப் போய்விட்டால் அச்செலவு என்னாவது என்பர். இது பொருளுடைய கேள்வியே. ஆயின் செலவு செய்தவர் யார் என்பதை முதற்கண் காணல் வேண்டும். எம் குடும்பத்தில் செலவாயது அத்தையின் வளையல். இந்திய அரசின் விதிகள் பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் பெறத்தக்க சேவைக் கட்டணத்தை 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என வரையறுத்தும், அதனினும் பன்மடங்கு கொடுத்துச் செல்வோரை நம் தெருக்களில் காண்கிறோம். உண்மையில் முதலாளியே செலவு செய்திருப்பின், அத்தொகையைப் புதிய முதலாளி பழையவர்க்கு ஈடு செய்யலாம். தொழிலாளியின் தலைமேல் அஃது ஏறலாகாது. ஏறினால் அது மீண்டும் துண்டாகிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு நாடும் தன் குடிகளின் பிழைப்பைக் காக்கக் கடமைப்பட்டது. அயலார் விரும்பியவாறெல்லாம் வேலை மாற்றினால் உள்நாட்டார் நிலை என்னாகும் என்பர். இதனையும் யாம் மறுக்கவில்லை. எத்தனை பேர் வரலாம், எத்தொழிலுக்கு வரலாம், எத்தனை ஆண்டு தங்கலாம் என்பவற்றை வரையறுக்க அந்நாட்டிற்கு உரிமை உண்டு. ஆயின் இவரிடத்தன்றி வேறொருவரிடத்து உழைக்கலாகாது என்று ஆளை ஆளோடு பிணைப்பதால் உள்நாட்டுத் தொழிலாளிக்கு வரும் நன்மை யாது? பிணைப்புண்டவன் குறைந்த கூலிக்கு உடன்படுவான். அதனால் உள்நாட்டாரின் கூலியே தாழும். அயலானைக் கட்டி வைப்பதால் வரும் நன்மை அவ்வொரு முதலாளிக்கேயன்றி நாட்டிற்கன்று.

மூன்றாவது, அவன் கற்றறிந்து கையொப்பமிட்டான். ஒப்பியபின் மாறுவது அறமா என்பர். ஒப்பந்தம் இருவரைக் கட்டுவது. சம்பளத்தை நிறுத்தியவர், சொன்ன தொழிலை மாற்றியவர், அவ்வொப்பந்தத்தைத் தாமே முன்னர் மீறியவராகார்களோ? மேலும் ஒருவன் தன் உழைப்பை விற்கலாம். தன்னையே விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தை அறம் ஏற்பதில்லை. நம் நாட்டில் 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமையின் அடையாளங்களைக் கூறுமிடத்து, கடனின் காரணமாக ஒருவன் வேறு வேலை தேடும் சுதந்தரத்தை இழத்தலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. செங்கற்சூளையில் நாம் கொத்தடிமை என்று அழைப்பதைக் கடல் கடந்தவுடன் விசா விதி என்று அழைத்தல் பொருந்துமோ?

இவ்விடத்து வேதாகமத்தில் வரும் இரு வரலாறுகள் எம் நினைவுக்கு வருகின்றன. யாக்கோபு அயல்நாட்டில் லாபானிடத்து இருபது ஆண்டுகள் உழைத்தான். லாபான் உறவினனே, ஆயினும் பேசிய கூலியைப் பலமுறை மாற்றினான். விடுகை கேட்டால் கிடைக்காது என்று அஞ்சிய யாக்கோபு, இறுதியில் சொல்லாமலே புறப்பட்டான். லாபான் துரத்தி வந்து, ஏன் ஓடிப்போனாய் என்று கேட்டான். 'ஓடிப்போனவர்' என்னும் பதிவு அத்துணைப் பழமையுடையது! மற்றொன்று ரூத்தின் வரலாறு. அவள் மோவாபு நாட்டவள், பெத்லகேமுக்கு அயலாள். எவருடைய வயலிலேனும் கதிர் பொறுக்கிக்கொள்ள அயலார்க்கு உரிமை தந்திருந்தது அந்நாட்டுச் சட்டம். ஆதலின் அவள் எவ்வயலுக்கும் செல்லலாம். போவாசும் வேறு வயலுக்குப் போகவேண்டாம் என்றே அவளிடம் கூறினான். ஆயின் அவளை நிறுத்த அவன் சீட்டு எதனையும் பிடித்து வைக்கவில்லை. வேலையாட்கள் அவளைத் தொந்தரவு செய்யாதபடி கட்டளையிட்டான். தாகமுற்றபோது தண்ணீர் குடிக்கச் சொன்னான். கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடச் செய்தான். அவளும் நின்றாள். லாபான் கட்டி நிறுத்தினான், யாக்கோபு ஓடினான். போவாசு நன்கு நடத்தினான், ரூத் தங்கினாள். ஆளை நிறுத்திக்கொள்ளும் வழி யாது என்று கேட்கும் முதலாளிமார்க்கு இதனினும் தெளிவான விடை வேறுண்டோ?

பிறநாட்டாரைக் குறை கூறுமுன் நம் வீட்டு முற்றத்தையும் பெருக்குதல் வேண்டும். எம் தமக்கையார் முதுகலைப் பட்டம் பெற்றுத் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் ஆசிரியராய்ச் சேர்ந்தபோது, அவருடைய மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டனர். வேறிடத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. சான்றிதழ்களைக் கேட்டபோது, ஆண்டு முடியட்டும் என்றனர். ஆண்டு முடிவதற்குள் அவ்வேலை வேறொருவர்க்குப் போயிற்று. எம் மாமனின் ரிலீசுக்கும் தமக்கையாரின் சான்றிதழ்களுக்கும் நடுவே கடல் ஒன்று கிடக்கிறது என்பதன்றி வேறு வேறுபாடு யாது? இன்னும், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எழும் மாடிவீடுகளில் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் முதலிய இடங்களினின்று வந்தோர் உழைக்கின்றனர். அவர் இந்நாட்டுக் குடிகளே. ஆயினும் மொழியறியா இடத்தில் அவர் அயலாரைப் போன்றவர். ஊருக்குப் போனால் திரும்பி வாரார் என்று கருதி அவர்தம் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் ஒப்பந்தக்காரர் நம்மிடையே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமோ? புகார் நகரில் பல மொழி பேசும் மக்கள் கலந்து இனிது வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை கொண்டு பெருமை பேசுகிறோம். முல்லைப்பாட்டில் அரசன் பாசறையைக் காத்த யவனரைப் பற்றித் தேர்வில் விடை எழுதுகிறோம். அப்பெருமை ஏட்டோடு நில்லாது பெருங்களத்தூர்ச் சந்திலும் காணப்படல் வேண்டும்.

இனிச் செயற்பாலன சில கூறி முடிப்பாம்.

அயல்நாடு செல்லும் நண்பர்கள் கடவுச்சீட்டைப் பற்றிய ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். 1967 ஆம் ஆண்டின் சட்டப்படி அஃது எக்காலத்தும் இந்திய அரசின் உடைமை. அதனைப் பிறர் பெட்டியில் பூட்டி வைத்தல் நம்மை மட்டுமன்று, நம் நாட்டையும் பூட்டி வைத்தலாம். கத்தாரில் 2015 ஆம் ஆண்டின் சட்டமும் இதனைக் குற்றமெனக் கொண்டது. ஒப்பந்தத்தின் படி ஒன்றைத் தம் கையிலும் மற்றொன்றை வீட்டாரிடமும் வைத்தல் நன்று. வேலையின் பெயர், சம்பளம், விலகும் முறை ஆகிய மூன்றையும் கையொப்பமிடுமுன் படித்தல் இன்றியமையாதது. பதிவு பெற்ற முகவரா என்பதை உசாவுதல் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978 இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கத் தெருமுனை ஏஜெண்டை மட்டும் நம்பிச் செல்லல் எற்றுக்கு? பத்தாம் வகுப்பு முடியாதவர் குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்லும்போது, விபத்தில் இறப்பினும் உறுப்பிழப்பினும் 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடும் உண்டு. இவற்றை அறியாதவர் நம் வீட்டு அண்டையில் இருப்பின், அறிந்த நாம் சென்று கூறுதல் கல்வியின் பயன்களுள் ஒன்றாம்.

நம் அரசினரிடம் யாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பிற நாடுகளோடு தொழிலாளர் உடன்படிக்கை செய்துகொள்ளும்போது, எத்தனை பேரை அனுப்புவோம் என்பதோடு, அனுப்பப்பெற்றவர் வேறு வேலை தேடிக்கொள்ளும் உரிமையையும், தேடுங்காலத்துத் தங்கியிருக்கச் சில மாதத் தவணையையும் கேட்டுப் பெறல் வேண்டும். சம்பளம் நின்றுபோனவர்க்கேனும் காத்திராது மாறும் உரிமை வேண்டும். இது சலுகையன்று, உழைப்பவனுக்கு உரியது.

இறுதியாக, இவ்விதழைக் கடல்கடந்த நாடுகளில் இருந்து படிக்கும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்களுட் பலர் அந்நாடுகளில் மேலாளராயும் அலுவலர் தலைவராயும் விளங்குகின்றனர். வேறிடம் செல்ல விரும்பும் ஒருவரின் தாள் என்றேனும் தங்கள் மேசைக்கு வரும். வேலைப் பளுவில் அதனை நாளை பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தல் எளிது. அத்தாளின் மறுமுனையில் அடகுக்கடை வட்டி ஏறிக்கொண்டிருப்பதும், நாட்காட்டித் தாளொன்று கிழிபடுவதும் தங்கள் நினைவுக்கு வருமாக. கையொப்பமிடுதற்கு ஒரு நொடி போதும்.

எம் மாமன் இப்பொழுது குரோம்பேட்டையில் சிறு கடை ஒன்று வைத்துப் பழைய தொழிலையே செய்து வருகிறார். அவரிடம் வேலை கற்ற இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு வேறு கடைக்குப் போக விரும்பிக் கூறத் தயங்கி நின்றார். மாமன் அவர் கணக்கை அன்றே முடித்து, ஸ்பானர் ஒன்றையும் கையிற் கொடுத்து அனுப்பினார். நல்ல ஆளை இழந்தீர்களே என்று யாம் கேட்டதற்கு, "போக விட்டால்தான் மாப்பிள்ளை, இருக்கிறவன் மனதோடு இருப்பான்" என்றார். எம் கட்டுரையின் கருத்தும் இதுவே.